சாரலில் நனையாத பை: குற்றால மலையடிவாரத்துக்கு ஏற்ற முதுகுப்பை எது?

குற்றாலத்தில் பை நனைவதற்கு மழை பெய்ய வேண்டியதில்லை. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் செங்கோட்டைப் பக்கம் புகுந்து இறங்குகிறது. மலைக்கு அப்பால் கேரளத்தில் கொட்டிய மழையின் மிச்சம் அந்தக் காற்றோடு பொடித் தூறலாக வந்து தென்காசி, குற்றாலம், பண்பொழி, வடகரை என்று மலையடி ஊர்களில் எல்லாம் விழுகிறது. அதற்குச் சாரல் என்று பெயர். வெயில் அடிக்கும்போதே விழும்; ஐந்து நிமிடத்தில் நிற்கும்; சட்டை உலர்வதற்குள் மறுபடி வரும். குடை விரிக்கத் தோன்றாத அளவுக்கு மெல்லியது என்பதால் பையைப் பற்றி யாரும் நினைப்பதில்லை. மாலையில் அறைக்குத் திரும்பிப் பையைத் திறக்கும்போதுதான் மாற்றுடை சில்லென்று இருப்பதும், ரூபாய்த் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருப்பதும் தெரியவரும்.

இந்த வட்டாரத்தில் மலையேறவும் அருவிக்குப் போகவும் எப்படிப்பட்ட முதுகுப்பை வாங்குவது என்ற கேள்வியைக் கடையில் தொங்கும் பைகளிலிருந்து தொடங்கினால் குழப்பமே மிஞ்சும். எந்தத் தண்ணீர், எந்த வழியாகப் பைக்குள் வருகிறது என்பதிலிருந்து தொடங்குவதே சரி.

முதல் தண்ணீர் சாரல். அது நேராக விழுவதில்லை. காற்றோடு பக்கவாட்டில் வீசும். மழை தலைக்கு மேலிருந்து வரும் என்ற எண்ணத்தில் மேல்மூடியை மட்டும் அகலமாக வைத்துத் தைத்த பைகள் இங்கே ஏமாற்றிவிடும். பக்கவாட்டு ஜிப், பாட்டில் வைக்கும் பை, முதுகைத் தொடும் பஞ்சுப்பகுதி ஆகியவைதான் முதலில் நனையும். சாரலுக்கு இன்னொரு குணமும் உண்டு. அது பெய்யாத நேரத்திலும் காற்று ஈரமாகவே இருப்பதால், ஒருமுறை நனைந்த துணி அன்று முழுக்கக் காயாது.

இரண்டாவது, அருவியின் திவலை. குற்றாலப் பேரருவி ஏறத்தாழ 60 மீட்டர் உயரத்திலிருந்து இறங்குகிறது. இடையில் பொங்குமாகடல் என்னும் பாறைக் குழியில் விழுந்து எழும்பிக் கீழே வருகிறது. நீர்வரத்து நன்றாக இருக்கும் நாளில் குளிக்கும் இடத்துக்கு வெகு முன்னாலேயே முகத்தில் ஈரம் படும். ஐந்தருவி, பழைய குற்றால அருவி ஆகியவற்றிலும் இதே நிலைதான். குடும்பமாக வருபவர்களில் ஒருவர் பைகளுக்குக் காவலாக உட்காருவது வழக்கம். அவர் மடியில் ஒரு பை இருக்கும். மற்றவை காலடியில், கல்தரையில் இருக்கும். அந்தத் தரையில் குளித்து வருகிறவர்களின் உடலிலிருந்து சொட்டும் நீர் ஒரு மெல்லிய ஏடாக ஓடிக்கொண்டே இருக்கும். மேலே துளிகூடப் படாத பை, அரை மணி நேரத்தில் அடிப்பக்கமாக நீரை உறிஞ்சி, ஒரு சாண் உயரத்துக்கு நிறம் மாறியிருக்கும். பையின் அடித்துணியை யாரும் கடையில் திருப்பிப் பார்ப்பதில்லை. குற்றாலத்தில் முதலில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

மூன்றாவது, அடைமழையும் வெள்ளமும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் சாரலின் மென்மை இருக்காது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென் மாவட்டங்களைப் புரட்டிய மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவானது. பருவம் தப்பியும் ஆபத்து வரும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென இறங்கிய வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். மலைமேல் பெய்த மழை கீழே நிற்பவருக்குத் தெரியாது. நீர் நிறம் மாறி, இரைச்சல் கூடினால் அந்த இடத்தை விட்டு உடனே விலக வேண்டும். அந்தக் கணத்தில் பையைத் தேடி எடுக்க நிற்கவே கூடாது. காற்றடைத்துச் சுருட்டி மூடிய பை தண்ணீரில் மிதக்கும் என்று விற்பவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் அது உயிர்காக்கும் மிதவை ஆகாது.

நான்காவது தண்ணீர்தான் குற்றாலத்தில் மிகுதி. அதைப் பற்றித்தான் எந்த விளம்பரத்திலும் பேச்சில்லை. அது பைக்குள் நாமே வைக்கும் ஈரம். குளித்துவிட்டுப் பிழிந்த துண்டு, ஈர வேட்டி, குழந்தையின் நனைந்த உடுப்பு, மூடி சரியாகத் திருகாத தண்ணீர்ப் பாட்டில் எல்லாம் உள்ளேதான் போகின்றன. நீர் உள்ளே வராத பையிலிருந்து நீர் வெளியேயும் போகாது. விலை கொடுத்து வாங்கிய நீர்புகாப் பைக்குள் ஒரு ஈரத் துண்டைத் திணித்து மூடினால், இரண்டு மணி நேரத்தில் உள்ளே இருக்கும் அத்தனையும் ஈரமாகும். சாதாரணப் பள்ளிப் பையாக இருந்தால்கூடக் கொஞ்சம் காற்றோட்டம் இருந்திருக்கும்.

துணியும் தையலும்

பைகளின் அட்டையில் எழுதியிருக்கும் மூன்று சொற்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ‘வாட்டர் ரிப்பலன்ட்’ என்றால் நீர் விலக்கும். துணியின் மேல் ஒரு ரசாயனப் பூச்சு இருக்கும், துளி உருண்டு ஓடும், தேயத் தேய அந்தக் குணம் போய்விடும். ‘வாட்டர் ரெசிஸ்டன்ட்’ என்றால் சற்று நேரம் நீரைத் தாங்கும். ‘வாட்டர்புரூஃப்’ என்றால் நீர் புகாது. மூன்றாவது சொல்லைப் பல பைகளில் துணியை மட்டும் மனத்தில் வைத்தே அச்சிடுகிறார்கள். பை என்பது துணி மட்டும் இல்லையே.

நீர்புகாத் துணியின் வரலாறு 1823இல் கிளாஸ்கோவின் சார்லஸ் மாக்கின்டாஷ் பெற்ற காப்புரிமையிலிருந்து பேசப்படுகிறது. ரப்பரை நாப்தாவில் கரைத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே பூசி ஒட்டினார். நெய்த துணி பலத்தைத் தரட்டும், நடுவிலுள்ள படலம் நீரைத் தடுக்கட்டும் என்ற அந்த ஏற்பாடே இன்றும் தொடர்கிறது. நூலும் பூச்சும்தான் மாறியிருக்கின்றன. நூல் பெரும்பாலும் நைலான் அல்லது பாலியெஸ்டர். அதன் பருமன் டெனியர் என்ற அளவில் சொல்லப்படும்: 9,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அத்தனை டெனியர். 70 டெனியர் துணி இலகு, ஆனால் முள்ளில் கிழியும். 210 டெனியர் நடுத்தரம். 600 டெனியர் பாலியெஸ்டர் பள்ளிப் பைகளில் பார்க்கும் தடித்த ரகம். குறுக்கும் நெடுக்கும் சிறு கட்டங்களாகத் தடித்த நூல் ஓடும் ‘ரிப்ஸ்டாப்’ நெசவில் ஒரு கட்டத்தில் விழுந்த கிழிசல் அடுத்த கட்டத்துக்கு எளிதில் பரவாது. மலைச்சரிவு முழுக்க உண்ணிச்செடி மண்டிக் கிடக்கும் இந்தப் பகுதிக்கு 200 டெனியர் அளவில் ரிப்ஸ்டாப் நைலான் பொருத்தமானது. அடிப்பக்கம் மட்டும் அதைவிடத் தடிப்பாக இருந்தால் கல்தரையையும் தாங்கும்.

பூச்சில் மூன்று வகை முக்கியம். பாலியூரித்தேன் மலிவு, பெரும்பாலான பைகளின் உட்புறத்தில் மினுமினுப்பாகத் தெரிவது அதுதான். சிலிக்கோன் பூச்சு இலகு, நெடுநாள் உழைக்கும். ஆனால் அதன் மேல் வழக்கமான நாடா ஒட்டாது என்பதால் தையலை அடைக்கத் தனிச் சிலிக்கோன் பசை வேண்டும். டி.பி.யு. என்ற படலத்தை வெப்பத்தால் ஒன்றோடொன்று உருக்கி இணைக்கலாம். ஊசியே படாத பைகள் இதில் வருகின்றன. பழைய தார்ப்பாய் ரகமான பி.வி.சி.யையும் இப்படி இணைக்கலாம். அது கனம், மடித்த இடத்தில் நாளடைவில் வெடிக்கும். ரெக்சின் பைகள் வெளித்தோற்றத்துக்கு நீர்புகாதவை போல இருந்தாலும் உட்துணி ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். மலைக்கு அவை ஆகா. டைனீமா போன்ற உயர்ரக இழைகள் எடையில் வியப்பூட்டும், விலையிலும் அப்படியே. அரைநாள் நடைக்கு அவை தேவையில்லை.

துணி தாங்கும் நீரழுத்தத்தை மில்லிமீட்டரில் குறிப்பார்கள். 1,500 மில்லிமீட்டர் என்றால், ஒன்றரை மீட்டர் உயர நீர்த்தம்பத்தை மேலே நிறுத்தும்வரை ஊறாது என்று பொருள். சாதாரண மழைக்கு இது பொதுவாகப் போதும். ஆனால் தோள்பட்டை அழுந்தும் இடம், முதுகு உரசும் இடம், நிறைந்த பை ஈரப்பாறையில் அமரும் அடிப்பக்கம் ஆகியவற்றில் அழுத்தம் பல மடங்கு கூடும். துணி ஊறுவது அங்கேதான். நிறைந்த பைக்கு 3,000 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருப்பது நல்லது.

இவ்வளவுக்குப் பிறகும் நீர் வருகிறது என்றால், அது தையல் வழியாகத்தான். ஒரு பையை உள்வெளியாகத் திருப்பி வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் போதும், ஊசி இறங்கிய ஒவ்வொரு புள்ளியும் நட்சத்திரம் போலத் தெரியும். ஒரு சென்டிமீட்டருக்கு மூன்று தையல் என்று குறைத்து வைத்தாலும், நான்கு மீட்டர் தையல் ஓடும் ஒரு சிறு பையில் 1,200 துளைகள் இருக்கின்றன. நூலே ஒரு திரியாக நின்று நீரை உள்ளே இழுக்கும். உட்புறத் தையல் மேல் ஒரு விரல் அகலத்துக்கு நாடா ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பது, அட்டையில் உள்ள எல்லா வாசகங்களையும் படிப்பதைவிடப் பயன் தரும். நாடாவோ பசையோ இல்லை என்றால் துணி எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்தப் பை நீர் தாங்கும் பைதான், நீர்புகாப் பை ஆகாது.

அடுத்த ஓட்டை ஜிப். பற்கள் மேல் ரப்பர் போன்ற பூச்சு படர்ந்த ஜிப்கள் சாரலுக்குப் போதும். ஆனால் ரன்னர் வந்து நிற்கும் முனையில் எப்போதும் ஒரு சிறு இடைவெளி இருக்கும். அதனால் உண்மையான நீர்புகாப் பைகளில் பெரும்பாலும் ஜிப் வைப்பதில்லை; வாயை மூன்று நான்கு சுற்றுச் சுருட்டி இருபுறமும் பக்கிள் மாட்டுகிறார்கள். இந்த ‘ரோல் டாப்’ அமைப்பு நம்பகமானது. அவசரத்துக்குத் திறந்து ஒரு டம்ளர் எடுப்பது மட்டும் சிரமம். மூன்று சுற்றுக்குக் குறைவாகச் சுருட்டினால் அந்த நம்பகமும் இல்லை. பையை வழிய வழிய நிரப்புகிறவர்கள் ஒரு சுற்றோடு நிறுத்திவிட்டுப் பிறகு பையைக் குறை சொல்வதுண்டு.

சில பைகளில் ஐ.பி.எக்ஸ். என்ற குறியீடும் எண்ணும் இருக்கும். இது மின்சாதனங்களுக்காக வகுக்கப்பட்ட பன்னாட்டுத் தரம். 4 என்றால் எல்லாப் பக்கத்திலிருந்தும் தெறிக்கும் நீரைத் தாங்கும்; 6 என்றால் குழாயிலிருந்து வேகமாகப் பாய்ச்சும் நீரைத் தாங்கும்; 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் மூழ்கிக் கிடந்தாலும் நீர் புகாது. அருவிக்கரைக்கு 4 போதும். ஆற்றில் படகு விடுகிறவர்களுக்குத்தான் 7 வேண்டும்.

உரச்சாக்கு காட்டும் வழி

மலையேற்றப் பை செய்கிறவர்கள் சுற்றிச் சுற்றி வந்து சேர்ந்த ஒரு முடிவு, வடகரை, அச்சன்புதூர் வயல்காரர்களின் வீட்டுத் தாழ்வாரத்தில் நெடுநாளாகக் கிடக்கிறது. யூரியா ஈரத்தை இழுத்துக்கொள்ளும் பொருள். 45 கிலோ யூரியாவை மழைக்காலத்தில் லாரியிலும் தோளிலும் கொண்டுவர வேண்டும். நெய்த பிளாஸ்டிக் சாக்கு இழுப்பையும் உராய்வையும் தாங்கிக்கொள்கிறது. உட்புறமாக இருக்கும் பாலிதீன் படலம் ஈரத்தைத் தடுக்கிறது. சாக்கு நனைந்தாலும் யூரியா நனைவதில்லை. பலத்தையும் நீர்காப்பையும் ஒரே துணியிடம் கேட்காமல் இரண்டாகப் பிரித்துக் கொடுத்திருப்பதுதான் இதன் நுட்பம்.

முதுகுப்பைக்கும் இதுவே சிறந்த வழி. வெளிப்பை இலகுவாக, கிழியாததாக இருந்தால் போதும். சாரலில் அது நனையட்டும். உள்ளே, சுருட்டி மூடும் வாயுள்ள மெல்லிய நைலான் உறை ஒன்று இருந்தால் உடையும் போனும் பணமும் நனையாமல் இருக்கும். இந்த உறைகள் ‘டிரை பேக்’ என்ற பெயரில் கிடைக்கின்றன. 10 லிட்டர் அளவுள்ளது நூறு கிராமைச் சுற்றியே இருக்கும். முழு நீர்புகாப் பையின் விலையில் ஒரு சிறு பங்குதான் ஆகும், ஏற்கெனவே வீட்டில் இருக்கும் பைக்கும் பொருந்தும். ஒரு பெரிய உறையை விடச் சிறியவை இரண்டு நல்லவை: ஒன்று காய்ந்தவற்றுக்கு, இன்னொன்று குளித்தபின் ஈரத்துணிக்கு. நான்காவது தண்ணீருக்கு இதைத் தவிர வேறு மருந்து இல்லை. கார்த்திகை முதல் தை வரை குற்றாலத்தில் குளித்துச் செல்லும் ஐயப்ப பக்தர்களின் இருமுடியிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. முன்முடியில் நெய்த்தேங்காயும் பூசைப் பொருளும், பின்முடியில் வழிக்கான அரிசியும் தேவைகளும். ஒன்றில் உள்ளது மற்றதைத் தொடாமல் ஒரே சுமையாக மலை ஏறுகிறது.

உறைக்குப் பதிலாகக் கடைப் பாலிதீன் பையைப் பயன்படுத்தும் பழக்கம் பரவலாக உண்டு. அது இரண்டு நடைக்குள் கிழியும். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பைகளுக்குத் தடையும் இருக்கிறது. இன்னொரு காரணமும் உண்டு. பாலிதீன் சரசரக்கும் ஓசையைத் தீனியோடு சேர்த்துப் புரிந்துவைத்திருக்கின்றன குற்றாலத்துக் குரங்குகள். பைக்கு வெளியே தொங்கும் பாலிதீன் பொட்டலம் சில நொடிகளில் பறிபோகும். அதோடு பக்கவாட்டு ஜிப்பும் போகலாம்.

மழை உறை என்று பையோடு சேர்த்துக் கொடுக்கும் மேலுறையைப் பற்றிப் பலருக்கும் அளவுக்கு மீறிய நம்பிக்கை இருக்கிறது. அது வெளிப்புறத்தை மட்டுமே மூடும். முதுகுக்கும் பைக்கும் நடுவே உள்ள சந்து திறந்தே இருக்கும். கழுத்தில் விழும் மழை அந்தச் சந்து வழியாக இறங்கி, வியர்வையோடு சேர்ந்து, முதுகுப்புறப் பஞ்சில் ஊறி உள்ளே போகும். சில நேரம் மேலுறையின் அடியில் நீர் குளம் கட்டி நிற்கும். அடியில் ஒரு ஐலெட் துளை இல்லாவிட்டால் பை அந்தக் குளத்தில் உட்கார்ந்தபடி வரும். கணவாய்க் காற்று பலமாக அடிக்கும் நாளில் உறை பாய்மரம் போல உப்பிக் கழன்றுவிடுவதும் உண்டு. சேறும் முள்ளும் படாமல் வெளித்துணியைக் காக்க அது உதவும், அவ்வளவுதான்.

இந்த விஷயத்தில் வயல்வெளிக் கொங்காணி மேலானது. சாக்கின் ஒரு மூலையை மறு மூலைக்குள் செருகித் தலையில் கவிழ்த்துக்கொண்டால் தலை, முதுகு, முதுகில் உள்ள சுமை எல்லாம் ஒரே கூரைக்குள் வந்துவிடும். இன்று கடையில் விற்கும் ‘பான்சோ’ இதே வேலையைச் செய்கிறது. பையையும் ஆளையும் சேர்த்து மூடுவதால் முதுகுச் சந்து என்பதே இல்லாமல் போகிறது. அடைமழையில் நடக்க நேர்ந்தால் பான்சோவும் உள்ளுறையும் சேர்ந்த ஏற்பாட்டுக்கு நிகரானது குறைவு. புதர் அடர்ந்த ஒற்றையடிப் பாதையில் மட்டும் அது சிக்கிக் கிழியும்.

எடையும் அளவும்

ஒருநாள் நடைக்குத் தன் உடல் எடையில் பத்தில் ஒரு பங்கும், இரவு தங்கும் பயணத்துக்கு ஐந்தில் ஒரு பங்கும் சுமக்கலாம் என்பது மலையேறுபவர்களிடையே வழங்கும் பொதுக் கணக்கு. 60 கிலோ எடையுள்ளவருக்கு ஒருநாள் சுமை 6 கிலோ. அதில் இரண்டு லிட்டர் தண்ணீர் 2 கிலோ. சாப்பாடு, மாற்றுடை, துண்டு, போன், மருந்து என்று இன்னும் 2 கிலோ போகும். மீதமுள்ள இரண்டு கிலோவில் வெறும் பையே 1.2 கிலோ எடுத்துக்கொண்டால், குளித்தபின் ஏறும் ஈரத்துணியின் எடைக்கு அதிக இடமில்லை. பூத்துண்டு நனைந்தால் தன் எடையைப் போல் இரு மடங்குக்கு மேல் கனக்கும். ஈரிழைத் துண்டுக்கு மாறினாலே சுமையில் கணிசமாகக் குறையும், காய்வதும் வேகம். பை வாங்க நினைப்பவர் துண்டையும் சேர்த்து யோசிப்பது நல்லது.

20 லிட்டர் கொள்ளளவுள்ள பூச்சு நைலான் பை 300 முதல் 500 கிராம் வரை இருக்கும். அதே அளவில் உருக்கி இணைத்த முழு நீர்புகாப் பை பெரும்பாலும் 600 கிராமிலிருந்து ஒரு கிலோ வரை போகும். இந்த வித்தியாசத்தில் நூறு கிராம் உள்ளுறைகள் இரண்டை வாங்கிப் போட்டுவிட்டு, மிச்ச எடையில் கூடுதலாகத் தண்ணீர் எடுத்துச் செல்லலாம். ‘இலகு’, ‘நீர்புகா’ என்ற இரண்டு குணங்களும் ஒரே பையில் சேரும்போது மூன்றாவதாக உழைப்பு குறைகிறது, அல்லது விலை ஏறுகிறது. இரண்டையும் பிரித்து வாங்குவதே நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகும் வழி.

எம்மா கேட்வுட் என்ற அமெரிக்க மூதாட்டி 1955இல், 67 வயதில், 3,200 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அப்பலாச்சியன் பாதையைத் தனியாக ஒரே மூச்சில் நடந்து முடித்தார். அவர் கொண்டுபோனது தானே தைத்த ஒரு துணி மூட்டை. அதை ஒரு தோளில் போட்டுக்கொண்டார். மழைக்குக் குளியலறைத் திரை ஒன்றை வைத்திருந்தார். அவ்வளவு தூரம் அந்த மூட்டை தாங்கியதற்குக் காரணம், அதற்குள் அவர் வைத்திருந்தது குறைவு என்பதே.

கொள்ளளவைப் பொறுத்தவரை, அருவிக் குளியலுக்கு ஒருவருக்கு 15 லிட்டர் தாராளம். செண்பகாதேவி அருவிக்குப் போவது போன்ற அரைநாள் நடைக்கு 20 முதல் 25 லிட்டர் போதும். பேரருவிக்கு மேலே ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் அந்த இடத்துக்கு நினைத்தபோது போக முடியாது; அது வனத்துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் மலையேறிகள் பலர் மாண்டபின் தமிழ்நாட்டில் மலையேற்ற விதிகள் இறுகின. 2024 அக்டோபரில் அரசு தொடங்கிய ‘ட்ரெக் தமிழ்நாடு’ திட்டத்தில் 14 மாவட்டங்களில் 40 பாதைகள் வழிகாட்டியோடு திறக்கப்பட்டன. குற்றாலம் – செண்பகாதேவி பாதையும் அவற்றில் உண்டு. இத்தகைய வழிகாட்டி உடன்வரும் பகல்நேர நடைகளுக்குக் கூடாரமோ அடுப்போ தேவைப்படாது என்பதால் 40, 50 லிட்டர் பைகளை இந்த வட்டாரத்துக்காக வாங்க வேண்டிய அவசியமே இல்லை. பெரிய பை இருந்தால் அதை நிரப்பத்தான் மனம் தூண்டும்.

பை உடலுக்குப் பொருந்துவது லிட்டர் கணக்கைவிட முக்கியம். குனிந்தால் கழுத்தின் பின்னால் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்தால் கிடைப்பது முதுகின் நீளம். பையின் முதுகுப்பகுதி அதைவிட நீளமாக இருந்தால் அடிப்பக்கம் பிட்டத்தில் இடிக்கும். ஈரப்படிகளில் இறங்கும்போது அந்த இடியே நிலை தடுமாற வைக்கும். உயரமானவர்களை வைத்து வெட்டிய பைகள் நம்மூர்ப் பெண்கள் பலருக்கு நீளம் மிகுந்தவை. ஆகவே போட்டுப் பார்க்காமல் வாங்கக் கூடாது. மார்புக்குக் குறுக்கே ஒரு பட்டையும், ஐந்து கிலோவுக்கு மேல் சுமப்பவருக்கு இடுப்புப் பட்டையும் வேண்டும். முதுகைத் தொடும் இடத்தில் தடித்த பஞ்சு வைத்த பைகள் கடையில் சுகமாக இருக்கும். சாரலில் அந்தப் பஞ்சு நீர் குடித்துக் கனத்துவிடும். அங்கே வலைத்துணியோ, நீர் உறிஞ்சாத மெல்லிய ஃபோமோ இருப்பது மேல்.

கடையிலேயே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் சில உண்டு. துணியை உதட்டில் வைத்து ஊதினால், பூச்சு நன்றாக இருந்தால் மறுபக்கம் காற்று வராது. ரோல் டாப் பையில் காற்றை அடைத்துச் சுருட்டி மாட்டி, நெஞ்சோடு அணைத்து அழுத்தினால், கசியும் இடம் ‘உஸ்’ என்று சொல்லிவிடும். வீட்டுக்கு வந்தபின் பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே நிரப்பி, பையைப் பத்து நிமிடம் குழாயடியில் திருப்பித் திருப்பிக் காட்டலாம். நனைந்த தாள் எந்த மூலையில் இருக்கிறதோ அங்கேதான் ஓட்டை. பயணத்துக்கு முந்தைய இரவு செய்யாமல், வாங்கிய அன்றே செய்தால் மாற்றிக்கொள்ளவும் முடியும்.

பூச்சு உரிவதும் பழுது பார்ப்பதும்

இரண்டு மூன்று ஆண்டு பரணில் கிடந்த பையை எடுத்தால் உட்புறம் பிசுபிசுவென்று கையில் ஒட்டுவதும், வெள்ளைப் பொடியாக உதிர்வதும், புளித்த வாடை வீசுவதும் பலர் பார்த்ததே. பூஞ்சை என்று நினைத்துத் தூக்கி எறிவார்கள். உண்மையில் அது பாலியூரித்தேன் பூச்சு, வெப்பத்தாலும் ஈரத்தாலும் நீரோடு வினைபுரிந்து சிதைவதால் வருவது. உலர்ந்த குளிர்நாட்டில் பத்தாண்டு தாங்கும் பூச்சு, மலையடிவார ஈரக்காற்றில் அதில் பாதிகூடத் தாங்காமல் போகலாம். சிலிக்கோன் பூச்சும் டி.பி.யு.வின் நல்ல ரகங்களும் இந்தச் சிதைவை அதிகம் தாங்கும் என்பதால், அடிக்கடி மலைக்குப் போகிறவர் சற்றுக் கூடுதலாகச் செலவிட்டு அவற்றை வாங்குவதில் நியாயம் இருக்கிறது. உரிந்த பூச்சை மீட்க வழியில்லை. அந்தப் பை உள்ளுறையோடு வெளிப்பையாக இன்னும் சில காலம் உழைக்கும்.

சிதைவைத் தள்ளிப்போடுவது எளிது. வீடு திரும்பியதும் எல்லாப் பைகளையும் திறந்து, உள்வெளியாகத் திருப்பி, நிழலில் காற்றாடத் தொங்கவிட வேண்டும். தென்காசி வெயில் நைலான் நூலை நலிவாக்கும் என்பதால் மொட்டைமாடிக் கொடி ஏற்ற இடமல்ல. வாஷிங் மெஷினில் போட்டால் பூச்சும் நாடாவும் ஒரே சுற்றில் உரியலாம். ஈரத்துணியால் துடைத்து, அழுக்கு மிஞ்சிய இடத்தில் மட்டும் மென்சோப்புப் போட்டுக் கையால் தேய்த்து அலசினால் போதும். அதையும் வீட்டில்தான் செய்ய வேண்டும். குற்றால அருவிகளில் சோப்பு, ஷாம்பு, எண்ணெய் பயன்படுத்தத் தடை இருக்கிறது. துணியின் மேல் தெளிக்கும் நீர்விலக்கிப் பூச்சுகளில் பல காலமாகப் புளோரின் சேர்ந்த, மண்ணிலும் நீரிலும் எளிதில் சிதையாத ரசாயனங்கள் பயன்பட்டு வந்தன. கலிபோர்னியா மாநிலம் 2025 ஜனவரி முதல் அவற்றைத் துணிகளில் கட்டுப்படுத்தியிருக்கிறது. அருவியின் அடியில் கொண்டுபோய் வைக்கும் பைக்குப் புளோரின் இல்லாத பூச்சு என்று குறிப்பிட்டிருப்பதைத் தேடி வாங்குவது, கீழே அந்த நீரை நம்பியிருக்கும் ஊர்களுக்குச் செய்யும் நல்லது.

பட்டை அறுந்தாலோ ரன்னர் தேய்ந்தாலோ புதுப் பை வாங்க வேண்டியதில்லை. பை தைக்கும் கடைகளில் அரை மணி நேர வேலை. ரன்னரை மட்டும் மாற்றினால் புதுத் துளை விழாது. பட்டையைத் திரும்பத் தைத்தால் விழும். அந்த வரிசையின் உட்புறத்தில் பாலியூரித்தேன் துணிக்கு அதே வகைப் பசையையும், சிலிக்கோன் துணிக்குச் சிலிக்கோன் பசையையும் மெல்லிய கோடாக இழுத்து, விரலால் துளைகளுக்குள் இறங்கும்படி நீவிவிட வேண்டும். ஒரு இரவு முழுக்க விரித்து வைத்துக் காயவிட்ட பிறகு, செய்தித்தாள் சோதனையை அந்த மூலைக்கு மட்டும் மறுபடி செய்து பார்த்துவிட்டுப் பையை மடிக்கலாம்.